பிளந்த கதிர்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? அண்ணி முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தாரா? நீ நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருப்பாய், தெரியும்.

என் செங்கல் புத்தகம் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. முத்திரைச் செங்கல் அறுத்த நாற்பது சூளைக்காரர்களின் கதை. நம் தாத்தாவின் பக்கத்தில்தான் சிக்கல். அவருடைய சூரிய முத்திரையில் ஒரு கதிர் மட்டும் நீளமாக, நுனி பிளந்திருக்கும் அல்லவா? செதுக்கும்போது உளி வழுக்கியது என்று கேட்டு வளர்ந்தோம். போன வாரம் பழைய ஆஸ்பத்திரிச் சுவரை இடித்தபோது, தாத்தாவின் முத்திரைக்கும் முந்திய செங்கல் ஒன்று கிடைத்தது. மீன் முத்திரை. அதன் வாலுக்கும் நம் கதிருக்கும் மயிரிழைகூட வித்தியாசமில்லை. தாத்தாவின் கூட்டாளி ‘மீன்காரர்’ என்று அப்பா சொல்வாரே, மீன் விற்றவர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் அச்சைச் சுரண்டித்தான் தாத்தா சூரியன் செதுக்கியிருக்கிறார்.

பரண்மேல் இருக்கும், தாத்தா முத்திரை பதித்த அச்சுக்கட்டையை அனுப்பு.

உன் தங்கை

மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

டாக்டரிடம் போயாகிவிட்டது, நீ குதிக்காதே.

கட்டையை அனுப்பமாட்டேன். தாத்தா மண் மிதித்து உண்டாக்கிய சூளை அது. கூட்டாளியின் சொத்தை அமுக்கினார் என்று தம்பட்டம் அடிக்கப் பேத்தியே கிளம்பவேண்டுமா? மீன்காரர் படுத்த படுக்கையானார், தாத்தா தனியாக நடத்தினார். அவ்வளவுதான். உளி வழுக்கியது. மீறி எழுதினால் இந்த வீட்டுப் படியேறாதே.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதத்தான் போகிறேன். மீன்காரரின் மகள் தொண்ணூறு வயதில் இருக்கிறார். “எங்கப்பாவுக்குச் சூளையே கிடையாதுன்னு சொல்றாங்கம்மா, ஒரு கல்லாவது காட்டேன்” என்றார். அந்த மீன் கல்லை அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன். தாத்தாமேல் எனக்குப் பாசம் குறையவில்லை. இருவரையும் ஒரே பக்கத்தில் வைக்கிறேன்.

படியேறாதே என்று நீ எழுதியது வலித்தது. என்னை நம்பவேண்டாம், ஈரக் களிமண்ணில் கட்டையை அழுத்திப் பார். தேய்ந்த கல்லில் தெரியாதது புது மண்ணில் தெரியும்.

தங்கை

மார்ச் 16

தங்கச்சி,

உன் வாயை அடைக்கவேண்டும் என்றுதான் மண் குழைத்தேன். மூன்று முறை அழுத்தினேன். மூன்றிலும் கதிர்களுக்கு நடுவே மங்கலாகச் செதில்கள். உன் அண்ணி எட்டிப் பார்த்து, “மீனுக்கு யாருங்க மீசை வச்சது?” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா கட்டையை என் கையில் கொடுத்த நாளைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. உளி வழுக்கியது என்று அவர் அன்று என்னிடம் சொல்லவில்லை. “யாராவது கேட்டா, உளி வழுக்கிடுச்சுன்னு சொல்லு” என்றார். நாற்பது வருடமாக நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கட்டை பார்சலில் வருகிறது. படம் எடுத்தபின் எனக்குத் திருப்பி அனுப்பாதே. அது அந்த அம்மாவிடம் போகட்டும். முதலில் நீ இங்கே வா, சேர்ந்தே போய்க் கொடுப்போம்.

அண்ணன்