நீ கால் நனைக்காத கடல்

என் கோவக்கார அக்காவுக்கு,

உன்னைக் கடல்ல கரைச்சிட்டு வந்தாச்சு. போன வாரம் உன் மகன் பிரபு வேன் வெச்சிக் கூட்டிக்கினு போனான். அங்க நடந்ததை வேற யாரும் உனக்குச் சொல்ல மாட்டாங்க, அதனால நான் எழுதறேன். அஞ்சாங்கிளாஸோட நின்னவ எழுத்து. தப்பு இருந்தா திட்டிக்கோ. திட்டறதுக்கு நீ இல்லங்கற தைரியத்துலதான் எழுதறேன்.

முதல்ல ஊர் சேதி கேளு. நம்ம தங்கச் சுரங்க ஊரு கோரமண்டல்ல குழாய்த் தண்ணி இன்னும் நெனச்சப்பதான் வருது. வரிசையில உன் பச்சைக் குடத்தை நான்தான் வெக்கிறேன், உன் எடத்தை யாரும் புடுங்கல. வரிசையா ஒட்டிக் கட்டின நம்ம லைன் வீட்டுக்குப் பின்னாடி நிக்கற மண்மலை மேல ஞாயித்துக்கிழமையானா பெங்களூர் பசங்க பைக்ல வந்து போட்டோ புடிக்கறாங்க. ஒரு பொண்ணு செருப்பைக் கழட்டிட்டு வெறுங்கால்ல நடந்துச்சி. "பீச் மாதிரியே இருக்கு ஆண்ட்டி"ன்னு என்கிட்டயே சொல்லிச்சி. நீ இருந்திருந்தா அதுக்குக் கன்னம் வீங்கியிருக்கும்.

அந்த மண்ணு இன்னான்னு உனக்குத் தெரியும். பாறையை அரைச்சி, சயனைடு ஊத்தித் தங்கத்தை எடுத்துக்கினு, மிச்சத்தை நம்ம வாசல் பக்கமா கொட்டிட்டுப் போன மண்ணு. ஆடிக் காத்துல சோத்துல படியும், பாய்ல படியும், கண்ணிமையில படியும். நீ ஈரப்புடவையை வாசல்ல கட்டித் தொங்கவிட்டு எங்களை உள்ளே தள்ளுவே. மலையடியில தேங்கின தண்ணியைக் குடிச்சிட்டு வந்து நம்ம வெள்ளாடு வாசல்லயே காலை நீட்டிச்சே, அதுக்கப்புறம் மண்ணுல ஆடற புள்ளையைக் கண்டா உனக்கு வெறி புடிக்கும். யாரு பெத்ததா இருந்தா இன்னா? முதுகுல ஒண்ணு வெச்சி, குழாயடிக்கு இழுத்துக்கினு போயி, நகக்கண்ணு வரைக்கும் தேய்ச்சிக் கழுவி விடுவே. பிரபு ஒரு தடவை தகரத்துல உக்காந்து மலை மேலருந்து சறுக்கிக்கினு வந்தான். அன்னிக்கு அவனுக்கு விழுந்த அடி லைன் பூரா கேட்டுச்சி. மாமாவைச் சுரங்க ஷாஃப்டுக்குள்ள இருந்த தூசு முழுங்கிடுச்சி, மேல இருக்கிற தூசு மகனையும் முழுங்கிடுமோன்னு உனக்குப் பயம்.

அடி வாங்கினவனுக்கு அது மறந்து போவுமா அக்கா? எனக்கு இன்னும் புரியல.

போன வருசம் கோடை லீவுல பிரபு நம்ம ரெண்டு பேரையும் மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போனானே. "ஒரே நாள்ல கடலோரம் பூராவும் காட்டறேன்மா"ன்னான். காலையில பெசன்ட் நகர் பீச், அப்புறம் முட்டுக்காடு படகு, கோவளம், சாயங்காலம் மகாபலிபுரம். நீ அதுக்குன்னு ஆண்டர்சன்பேட்டையில புதுச் செருப்பு வாங்கினே. பங்காருபேட்டை தாண்டறதுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டே: "ஏண்டி விஜி, கடலுக்கு அந்தப் பக்கம் ஊரு தெரியுமா?" எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நானும் பாத்ததில்லையே.

வேன் பீச்சாண்ட நின்னுது. எல்லாரும் எறங்கினோம். உன் பேத்தி தியா ஓடிப் போயி மண்ணுல உக்காந்தா, ரெண்டு கையாலயும் வாரித் தலையில கொட்டிக்கினா. நீ போட்ட சத்தத்துல சுண்டல்காரன் திரும்பிப் பாத்தான். முந்தானையால மூக்கை மூடிக்கினு ஓடினே, புள்ளையை ஒரு கையால தூக்கினே, பளார்னு ஒண்ணு வெச்சே. குடிக்க வெச்சிருந்த பாட்டில் தண்ணியை அப்பிடியே கவுத்து அது கையைக் கழுவினே. வாயில விரலை விட்டுத் "துப்புடி, துப்பு"ன்னே. புள்ளை வீறிட்டு அழுதுது. கடல் உனக்கு முன்னாடி விரிஞ்சி கெடந்துச்சி. நீ அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. மண்ணு மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சிது.

கூட வந்திருந்த பிரபு மாமியா, சம்பந்தியம்மா சிரிச்சாங்க. "தங்கம் வெளையற ஊர்லருந்து பொண்ணு கேக்க வந்தாங்கன்னு பெருமைப்பட்டோம். மண்ணைக் கண்டா இப்பிடி அலறுவாங்கன்னு சொல்லலியே மாப்ளே!" பக்கத்துல நின்னவங்களும் சிரிச்சாங்க. பிரபு சிரிக்கல. சிரிச்சிருந்தாகூடத் தேவலை. உன் காதாண்ட வந்து பல்லைக் கடிச்சிக்கினு சொன்னான். "என் மானத்தை வாங்கறதுக்குன்னே வந்தியாம்மா? போ, வேன்ல போயி உக்காரு. பைங்களைப் பாத்துக்கோ."

நீ போயி உக்காந்தே. புதுச் செருப்போட.

அப்புறம் எந்த எடத்துல நின்னாலும் நீ எறங்கல, பிரபு அதைக் கவனிக்கவும் இல்ல. பை ஒரு சாக்கு. என்னை மட்டும் தள்ளி விட்டே. "நீ போடி. ஒழுங்கா பாத்துட்டு வந்து சொல்லு. அரையும் கொறையுமா சொன்னே, அறைஞ்சிடுவேன்." நான் போயிப் பாத்தேன், திரும்பி வந்து வேன் கதவாண்ட நின்னு சொன்னேன். உதட்டை நக்கினா உப்புக் கரிக்குதுக்கா. அலை திரும்பிப் போவறப்ப காலுக்குக் கீழ மண்ணு ஓடுது, படுத்துக்கினு இருக்கறப்ப யாரோ பாயை உருவற மாதிரி. சத்தம் பாறை அரைச்ச நம்ம மில்லு சத்தம்க்கா, அந்தக் காலத்துல ராத்திரி பகலா ஓடுமே, அதே மாதிரி நிக்கவே நிக்கல.

"அந்தப் பக்கம் ஊரு தெரியுதா?"

"தெரியலக்கா."

"நல்லா பாத்தியாடி? உனக்குத்தான் கண்ணு மந்தமாச்சே."

இதைப் படிக்கிறவங்க என் அக்கா பாவம்னு நெனச்சிக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி, ஊருக்கு வந்ததும் குழாயடியில நீ பண்ணினதையும் சொல்லிடறேன். எதிர்வீட்டுக் கஸ்தூரி, "சரோஜாக்கா, கடல் எப்பிடி கீது?"ன்னு கேட்டா. நீ குடத்தை இடுப்புலருந்து எறக்கி வெச்சே. "உதட்டுல உப்பு ஒட்டிக்கும்டி. காலுக்குக் கீழ மண்ணு ஓடும் பாரு, பாயை உருவற மாதிரி இருக்கும். பயந்தவளுக்கெல்லாம் ஆவாது. இதோ நிக்கறாளே, இவ பயந்துக்கினு வேனை விட்டே எறங்கல." எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நீயும் என்னைப் பாத்தே. நான் "ஆமாக்கா, பயமா இருந்திச்சி"ன்னேன். அன்னியிலருந்து லைன்ல எனக்கு வேன்காரின்னு பேரு. எனக்குக் கோவமே வரல. என் கடலை உனக்குக் குடுத்தேன்னு இருந்திச்சி.

மழைக்காலத்துல உன் இருமல் முத்திப் போச்சு. பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பாத்துட்டு, "பீடி குடிப்பாங்களா?"ன்னு என்னைக் கேட்டாரு. நீதான் பதில் சொன்னே. "பீடி இல்ல சார், வீட்டாண்ட ஒரு மலை கீது. அதைத்தான் குடிச்சேன்." அவரு சிரிக்கல. எழுதிக்கினு போயிட்டாரு. கொஞ்ச நாள்ல நீயும் போயிட்டே.

பிரபு வந்து விழுந்து அழுதான். பொய் அழுகை இல்ல, நான் பாத்தேன். அப்பதான் கஸ்தூரி அவனைத் தேத்தறேன்னு சொன்னா. "உங்கம்மா கடலைப் பத்திப் பேசாத நாளே கெடையாதுடா. கால் நனைச்சதைச் சொல்லிச் சொல்லி அதுக்கு மாளல." அவன் அழுகை அப்பிடியே நின்னுது. "எங்கம்மாவுக்கு அவ்ளோ ஆசையா?"ன்னான். எழுந்து நின்னு, "அம்மாவை எரிச்சி அதே கடல்ல கரைக்கப் போறேன்"னான்.

நம்ம வழக்கம் பொதைக்கறது. மாமா பக்கத்துல உனக்குன்னு எடம் விட்டு வெச்சி, நீயே கல்லு நட்டு வெச்சிருந்தே. பெரியவங்க எடுத்துச் சொன்னாங்க. "அம்மா ஆசை"ன்னு ஒரே வார்த்தையில எல்லாரையும் அடக்கிட்டான். நான் வாயைத் தொறந்தேன். லைன் பொம்பளைங்க பூரா உன்னைச் சுத்தி உக்காந்திருந்தாங்க. உன் தலைமாட்டுல நின்னுக்கினு உன்னைப் பொய்காரின்னு எப்பிடிச் சொல்றது? எரிச்சாங்க.

பேனர் ஒண்ணு அடிச்சான். நீயும் கடலும் சேர்ந்த போட்டோ ஒண்ணுகூட இல்ல. அதனால ஸ்டூடியோக்காரன் உன் ஆதார் அட்டை மூஞ்சியை வெட்டி எடுத்து, கழுத்துக்குக் கீழ யாரோ பட்டுப்புடவைக்காரியை ஒட்டி, பின்னாடி கடலை வெச்சி, எகிறிக் குதிக்கற மீனு ரெண்டும் வெச்சிட்டான். 'கடலன்னையின் மடியில்'னு எழுத்து. மூஞ்சி மட்டும் உன் மூஞ்சி. யாரையோ திட்டப் போற மாதிரியே இருந்திச்சி.

அதுக்கப்புறம் மாசக்கணக்கா பிரபுவுக்கு லீவு கெடைக்கல. உன் சாம்பல் சட்டி சிவப்புத் துணியில கட்டி, வீட்டுக்கு வெளியே வேப்பமரத்துல தொங்கிச்சி. ஆடிக் காத்துல ஆடிச்சி. மண்மலைத் தூசு அதும்மேலயும் படிஞ்சிது. ஈரத்துணியால தொடைச்சி தொடைச்சி விட்டேன்.

லீவு கெடைச்சிது, போனோம். அதே பீச். பிரபு வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு சட்டியைக் கையில வாங்கினான். அப்ப என்னைக் கேட்டான்.

"சின்னம்மா, அன்னிக்கு அம்மா கால் நனைச்சது எந்த எடம்? அங்கயே கரைக்கணும்."

அதை உன் காதால கேட்டிருந்தா நீ இன்னா சொல்லியிருப்பியோ தெரியல. நான் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தேன். ரோட்டோரமா மண்ணு ஆரம்பிக்கற எடத்துக்கு வந்து நின்னேன்.

"இங்கடா."

"இங்க ஏது தண்ணி?"

"இதுக்கு மேல உங்கம்மா போகல. தியா கையை இங்கதான் கழுவி விட்டா, பாட்டில் தண்ணியில. அப்புறம் நீதானே வேன்ல உக்கார வெச்சே."

"கால் நனைச்சாங்கன்னு கஸ்தூரியக்கா சொன்னாங்களே?"

"அது என் காலுடா பிரபு. நான் பாத்துட்டு வந்து உங்கம்மாவுக்குச் சொன்னது."

சட்டியை நெஞ்சோட அணைச்சிக்கினு நின்னான். அந்த மூஞ்சியை நீ பாத்திருந்தா என்னைத்தான் அறைஞ்சிருப்பே. "எரிச்சதுக்கப்புறம் எதுக்கு இதைச் சொல்றே?"ன்னான். "இப்பதானே கேட்டே"ன்னேன்.

சம்பந்தியம்மா பின்னாடியே வந்து, "நல்ல நேரம் போவுது மாப்ளே"ன்னாங்க. அவன் போயிட்டான். முழங்கால் ஆழத்துல நின்னு சட்டியைக் கவுத்தான். பாதி சாம்பல் தண்ணியோட போச்சு. பாதி அடுத்த அலையில திரும்பி வந்து அவன் கால்ல ஒட்டிக்கிச்சி. குனிஞ்சி தேய்ச்சான். வெரலு, நகக்கண்ணு எல்லாம் தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவினான். அப்பிடிக் கழுவக் கத்துக் குடுத்தது யாருன்னு அவனுக்கு ஞாபகம் வந்துச்சோ இல்லையோ. நான் கேக்கல.

அதோட வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். "வேன் எடுத்தாச்சு, மகாபலிபுரத்தைப் பாத்துட்டே போலாம். அஸ்தி கரைச்ச கையோட கோயிலுக்குத்தான் போவக் கூடாது. அது பூசை இல்லாத கோயில்தானே"ன்னாங்க சம்பந்தியம்மா. பிரபு வேணாம்னு சொல்லல. அங்க போயி எறங்கறப்ப என் பக்கம் பாக்காமலே சொன்னான். "சின்னம்மா, நீங்க வேன்ல இருங்க. பைங்களைப் பாத்துக்குங்க." பொறந்ததுலருந்து என்னை "நீ, வா, போ"ன்னு கூப்பிட்டவன். அன்னிக்கு "நீங்க"ன்னான்.

நீ குழாயடியில சொன்னது பலிச்சிடுச்சி அக்கா. உன் சீட்டுலதான் உக்காந்தேன்.

சன்னல் வழியா நீ கொஞ்சமாவது பாத்திருப்பேன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். அந்த சீட்டுலருந்து இன்னா தெரியுதுன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சிது. கட்டணக் கழிப்பறை செவுரு, இளநீர் மட்டைக் குப்பை, இன்னொரு வேனோட முதுகு. ஒரு சொட்டு நீலம் கெடையாது. கண்ணாடி மூடியிருந்ததால சத்தம்கூட வரல. தியா மட்டும் கையில ஈரமண்ணை உருட்டிக்கினு வந்து, "இது உங்களுக்குச் சின்னப் பாட்டி"ன்னுச்சி. என் கை தானா எழுந்திச்சி, அடிக்க. கையை மடியில அமுக்கி வெச்சிக்கினு, "வேற யார்கிட்டயாவது குடு கண்ணு"ன்னேன்.

ஆண்டர்சன்பேட்டை முக்குல உன் பேனர் இன்னும் தொங்குது. வெயில்ல உன் மூஞ்சி வெளுத்துப் போச்சு, மூக்கு எது வாய் எதுன்னு தெரியல. கடல் மட்டும் அதே நீலத்துல பளபளன்னு கீது.

நேத்து குழாயடியில கஸ்தூரி கேட்டா, "ஏ வேன்காரி, இந்தத் தடவையாவது எறங்கினியா?" நான் குடத்தை எறக்கி வெச்சேன். "இல்லடி, பயமா இருந்திச்சி. எங்கக்கா மாதிரி எல்லாருக்கும் வருமா?"ன்னேன். சிரிச்சாங்க.

பிரபு போன் பண்றதில்ல. பண்ணட்டும், பண்ணாம போவட்டும். அவன் கேட்டா இனி எப்பவும் நடந்ததுதான் சொல்லுவேன். மாமா பக்கத்துல நீ நட்ட கல்லாண்ட புல்லு ஏறாம பாத்துக்கறேன், அங்க படுக்க ஆளு இல்லன்னாலும். குழாயடியில மட்டும், என் உசுரு இருக்கிற வரைக்கும், கடல்ல எறங்கினது நீதான். வேன்ல உக்காந்தது நான்.

உனக்காகக் கடலைப் போயிப் பாத்துட்டு வந்து சொன்ன கண்ணு மந்தம்,
உன் கூடப் பொறந்தவ,
வேன்காரி விஜயா