லீவு கிடைக்கவில்லை என்று எழுதினாயே, ரெஜினா

என் ரெஜினாக் கண்ணே,

இந்தக் கிறிஸ்துமஸும் போய்விட்டது. நீ இல்லாத இரண்டாவது கிறிஸ்துமஸ். செங்கல்பட்டில் நாம் நர்ஸ் டிரெயினிங் முடித்த அதே பெரிய ஆஸ்பத்திரியில்தான் மறுபடி சேர்ந்திருக்கிறேன். பிரசவ வார்டு. தினம் ஏழெட்டுக் குழந்தைகள் என் கையில் வந்து விழுகின்றன. அழுகிற சத்தம் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னால் முடிவதில்லை.

நேற்று முன்தினம் உன் அம்மாவைப் பார்க்கக் கோவளத்துக்குப் போய் வந்தேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அதற்கு முன், நீயும் நானும் மட்டுமே அறிந்த ஒன்றை எழுதிவிடுகிறேன். இனி ஊருக்கே தெரிந்தாலும் தெரியட்டும்.

தெஹ்ரான் ஆஸ்பத்திரி வேலைக்கு நீ முதலில் போனாய். ஒன்றரை வருஷம் கழித்து நான் வந்தேன். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் நெல் வயலைத் தவிர வேறெதையும் பார்க்காத எனக்கு அந்த ஊரின் குளிரும், புரியாத பேச்சும், சாம்பல் நிற வானமும் பயமாக இருந்தன. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக லீவு வாங்கிவிட்டாய். மேட்ரன் கையெழுத்துப் போட்ட தாளை என்னிடம் காட்டியபோது உன் முகம் எப்படி இருந்தது! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் அழ ஆரம்பித்தேன்.

"நீ போய்ட்டா நான் இங்க செத்துடுவேன்டி. என்னத் தனியா வுட்டுட்டுப் போவாத."

"மூணு வாரம்தான்டி, வசந்தா. அம்மா காத்துகினு கீது."

நான் நிறுத்தவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் நீ போய் லீவைப் பொங்கலுக்கு மாற்றிக்கொண்டு வந்தாய். "மூஞ்சியத் தொடச்சிக்க. நான் எங்கயும் போவல" என்றாய். அன்று மாலையே அம்மாவுக்குக் கடிதம் எழுதினாய். 'லீவு கிடைக்கவில்லை அம்மா, இங்கே மேட்ரன் ரொம்பக் கண்டிப்பு.' நான் உன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். ஏன் இப்படி எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, "உம்பேர எழுதுனா அம்மா உன்னத் திட்டும். இந்த மேட்ரன அதுக்குத் தெரியவா போவுது?" என்று சிரித்தாய்.

எழுபத்தேழு டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி காலை நினைவிருக்கிறதா உனக்கு? இராத்திரியெல்லாம் பனி பெய்திருந்தது. நீ மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டி, அதன் மேல் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டாய். புடவைக் கரை மட்டும் கீழே எட்டிப் பார்த்தது. பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் நான் வழுக்கி விழ, தூக்க வந்த நீயும் விழுந்தாய். எழுந்திருக்கத் தோன்றாமல் நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தோம். ரொட்டி வாங்கிக்கொண்டு போன ஒரு பெண்மணி நின்று, நம்மைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

மாதா கோயிலில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. எனக்குத்தான் அப்படி என்று நினைத்தேன், உனக்கும் புரியவில்லை. எல்லோரும் அவர்கள் மொழியில் ஜெபித்தபோது நீ மெதுவாகத் தமிழில் சொன்னாய். பாதியில் குரல் உடைந்துவிட்டது. நான் இந்துப் பெண், எனக்கு ஜெபம் தெரியாது. உன் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து, ஊரிலிருந்து நான் கொண்டுவந்த கடைசிப் புளியைக் கரைத்து மீன் குழம்பு வைத்தாய். ஐஸில் கிடந்த ஏதோ மீன். "இது மீனாடி? இத எங்கம்மா கூடையில வச்சா பூனகூட திரும்பிப் பாக்காது" என்றாய். சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "இந்நேரம் அம்மா இன்னா பண்ணிகினு இருக்கும்?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை. அப்படி நினைக்கவே இப்போது கூசுகிறது. உன் அம்மாவிடமிருந்து பிடுங்கிய நாள் அல்லவா அது?

பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போன நீ, உறைந்த சாலையில் நிற்க முடியாமல் வழுக்கி வந்த காரில் அடிபட்டாய். நம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. உடலை ஊருக்கு அனுப்ப வழி செய்ய யாருக்கும் தெரியவில்லை. அங்கேயே பனியைத் தோண்டிப் புதைத்தோம். கோவளத்து மணலில் பிறந்தவளை.

மார்ச்சில் நான் திரும்பி வந்துவிட்டேன். இப்போது புரட்சி வந்து அந்த ஊர் தலைகீழாகிவிட்டது, ரெஜினா. நம்மோடு இருந்த பெண்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். உன் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றக்கூட அங்கே ஆளில்லை.

வந்ததிலிருந்து மாதம் ஒரு முறையாவது அம்மாவைப் பார்க்கப் போகிறேன். கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். உன் அப்பா போன பிறகு அம்மாவுக்கு நீ ஒருத்திதானே. ஒவ்வொரு முறையும் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அம்மா அதையே சொல்லும்: "அந்த மேட்ரன் பொம்பள லீவு குடுத்திருந்தா எம்பொண்ணு என் மடியில இருந்திருப்பா. அவ நல்லா இருப்பாளா? அவ குடும்பம் வெளங்குமா?"

நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன். அந்தச் சாபம் கடல் தாண்டிப் போகவில்லை, எதிரிலேயே விழுகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது.

இந்தக் கிறிஸ்துமஸன்று மதியம் அம்மா எறா மீன் உரித்துக்கொண்டிருந்தது. மறுபடி அதே பேச்சு. என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, மேட்ரன் லீவு குடுத்தாங்க. நான்தான் போவாதன்னு அழுதேன். எனக்காவத்தான் நின்னா."

கை நின்றது. "இன்னா சொன்ன? இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். நீ எழுதிய கடிதத்தையும், எழுதும்போது சிரித்ததையும்.

"அப்ப இத்தினி நாளா என் சோத்தத் துன்னுகினு, நான் திட்றதயும் கேட்டுகினு குந்தினு இருந்தியா?"

"ஆமாம்மா."

அடிக்கும் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அம்மா எறாத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தது. பிறகு ஓய்ந்த குரலில் கேட்டது:

"சொல்லாமயே இருந்திருக்கக் கூடாதாடி? மொகம் தெரியாதவள திட்னா மனசு கொஞ்சம் ஆறும். இனிமே நான் யாரத் திட்றது? இந்த வூட்டுக்குன்னு வர்றது நீ ஒருத்திதான்."

நான் காலில் விழப் போனேன். "வோணாம். போ. பஸ்ஸு பூடும்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

வெளியே நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்கிறார்களே, யார் பாரம்? என்னுடையதை இறக்க, அம்மாவிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலையும் எடுத்துவிட்டேனா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நீ பொய்யே சொல்லியிருப்பாய். உனக்கு மனிதர்களைத் தெரியும்.

அடுத்த மாதமும் போவேன், ரெஜினா. கதவு திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அதற்கடுத்த மாதமும் போவேன். அம்மாவுக்குத் திட்ட ஆள் வேண்டும். என் பெயரைச் சொல்லித் திட்டும்வரை போவேன், திட்டிய பிறகும் போவேன். உன் மேல் சத்தியம்.

உன் அம்மாவுக்கு மிஞ்சிய மகள், உன் கூடப்பிறவாத தங்கை,
வசந்தா