பதினோரு ‘இல்லை’

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே உன் உடம்பும் வேலையும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கச்சியும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, அப்படி எழுதினால் நீ நிரப்பிய படிவம் மாதிரி ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். தங்கச்சி சுகம். எனக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, டாக்டர் உப்பை இன்னும் குறைக்கச் சொல்கிறார், குறைக்க இனி என்ன பாக்கி இருக்கிறதோ. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ என் பேரில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் போன மாதம் தபாலில் வந்தது. வழவழவென்று காகிதம், முதல் பக்கத்தில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள் எந்தக் காகிதக் கட்டையும் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவாள் என்பது உனக்குத் தெரியாதா? கடைசியில் நான் கொடுத்ததாக ஒரு விண்ணப்ப நகல். இதய நோய், இல்லை. சர்க்கரை, இல்லை. சிறுநீரகக் கோளாறு, இல்லை. வரிசையாகப் பதினோரு ‘இல்லை’. ஏழு வருஷமாக இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டியைச் சுமந்துகொண்டு மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு நிற்கிறவளுக்கு! கையெழுத்துக்குப் பதிலாக, செல்போன் எண் மூலம் உறுதி செய்யப்பட்டது என்று போட்டிருந்தது. அன்றைக்கு நீ போன் பண்ணி, “மெசேஜ்ல வந்த ஆறு நம்பரைப் படிம்மா, சீக்கிரம்” என்றாயே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து படித்துச் சொன்னேனே, அதுதான் என் கையெழுத்தாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இது உன் பள்ளித் தோழன், ‘அவசரம்’ என்று பட்டப்பேர் வைத்தீர்களே, அவன் கைங்கரியமாகத்தான் இருக்கும் என்று நேரே அவன் இன்சூரன்ஸ் ஏஜென்சி அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல், “எல்லாரும் இப்படித்தாம்மா போடுறாங்க, யாரு போய்ப் பாக்கப் போறா” என்கிறான். யார் பார்ப்பார்கள் என்றா கேட்கிறான்? நான்தானடா பார்க்கிறேன்! ஆள் செத்த பிறகு காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து தோளில் பையோடு ஒருவர் வருகிறார், கடிதத்தை நீட்டுகிறார், மறைத்த நோய் எழுதியிருக்கும் பழைய கோப்பை நான் தேடி எடுத்து நகல் போட்டுக் கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு பெயின்டரின் மனைவி, “அதை மட்டும் குடுத்துடாதீங்கக்கா” என்று என் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாளைக்கு அந்த மேஜைக்கு முன்னால் உன் தங்கச்சி நிற்க வேண்டுமா? அப்பா இல்லாத பிள்ளை, நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், எனக்கு ஒன்று ஆனால் அவள் படிப்பு நிற்கக் கூடாது என்றுதானே இத்தனை பாடும்.

உண்மையை நானே கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், பத்திரத்தை ரத்து செய்துவிட்டார்கள். இன்னொரு கம்பெனியில் ரிப்போர்ட்டையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு முடியாது என்றார்கள். மூன்றாவது ஒருவர் உடம்பைப் பற்றி எதுவுமே கேட்க மாட்டாராம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் நோயில் போய்விட்டால் கட்டின பணம் மட்டும்தான் திரும்புமாம். இரண்டு வருஷம் சாகாமல் இருந்து காட்ட வேண்டும், என்ன ஒரு பெரிய மனசு! இது யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்கள் முகத்தில்தான் கதவைச் சாத்துகிறார்கள். கடைசியில் தங்கச்சிதான், உங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஊழியர்களுக்குக் கூட்டுக் காப்பீடு இருக்குமே என்று கேட்டாள். விசாரித்தால் எட்டு வருஷமாக இருக்கிறது! நோய் பற்றிக் கேள்வியே கிடையாது, வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் சேர்த்துக்கொள்வார்களாம், அந்த மாதம் இதுதான். ஏன் சொல்லவில்லை என்றால் மேலாளர், “ரெக்கார்டு ரூம்லேர்ந்து யாரும் கேக்கலையே” என்கிறார். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குச் சாவே வராது என்று நினைத்தாரோ என்னவோ. நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். தொகை சின்னது, வேலையில் இருக்கும் வரைதான் செல்லும், ஆனாலும் அவள் படிப்புக்குப் போதும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். நேற்று தங்கச்சி வாய் தவறி இன்னொன்றைச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. இந்த நீர்க்கட்டி நோய், பெற்ற பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வரலாம், இரண்டு பேரும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார், அவள் எடுத்தாள், ஒன்றுமில்லை. நீயும் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்றாய். எடுக்கவே இல்லையாமே! முதலில் உன் பேரில் பெரிய பாலிசி ஒன்றை எடுத்துவிடலாம், இப்போது ஏதாவது தெரிந்தால் படிவத்தில் எழுத வேண்டிவரும் என்றாயாம். பாவி! முப்பத்தெட்டு வயதில் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியபோதே ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தால் இந்தச் சிறுநீரகங்கள் இன்னும் எத்தனையோ வருஷம் ஓடியிருக்கும். உனக்கு இப்போது முப்பத்தொன்று. பெற்றோருக்கு என்ன நோய் என்றும் அந்தப் படிவம் கேட்குமே, அங்கேயும் எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதப் போகிறாயா? நீ போன பிறகு வரும் பணத்தை வாங்க நான் உன்னைப் பெறவில்லை.

கோபத்தில் எழுதினாலும் பெற்ற வயிறு வாழ்த்தத்தான் செய்யும், நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இரு, நோய் இருந்தாலும் நெடுநாள் இரு. வெள்ளிக்கிழமைக்குள் ஸ்கேனுக்குப் போ, ரிப்போர்ட்டை முழுசாகப் படம் எடுத்து அனுப்பு. குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று அங்கே கேட்பார்கள். அம்மாவுக்கு இருக்கிறது என்று சொல்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா