கொக்கி மாறிய மதியம்

என் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பளவில் நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அம்மா புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டாள், இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுவதில்லை, அதற்குப் பதிலாக நான் சவரம் செய்த முகத்தில் விட்டுப்போன முடியையெல்லாம் தேடிப் பிடித்துச் சொல்கிறாள். குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, கொத்தனார் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று மூன்று வாரமாகப் போக்குக் காட்டுகிறார். இந்த வாரம் நீ நாலு தடவை போன் செய்தாய். அப்பா தூங்குகிறார் என்று அம்மா சொன்னது பொய். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். எழுந்து போய்விடாமல் கடைசிவரை படி.

உன் படத்தை முதல் நாளே பார்த்தோம். கடலில் குதித்து ஆட்களை மீட்கிறவர்களைப் பற்றி நீ கதை எழுதி, அதை இவ்வளவு பெரிய சண்டைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்பதில் என்னைவிட உன் நெட்டையன் சித்தப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. நம் கடல் மீட்பு நிலையத்துச் சாமான் அறையில் உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் அவன்தான் டிக்கெட் பதிவு செய்தான். இரண்டு வரிசை முழுக்க நம் நிலையத்து ஆட்கள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர். நெட்டையன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் "நம்ம பொண்ணு எழுதின படம் சார், என்னைச் சித்தப்பான்னுதான் கூப்பிடுவா" என்று ஆரம்பித்துவிட்டான். அவன் மனைவி, "அவர் படம் பாக்க வந்திருக்காரு, விடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

முதல் அரைமணி நேரம் எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஹெலிகாப்டர் காற்றில் தண்ணீர் கிழிந்து பறப்பதை அப்படியே காட்டியிருந்தீர்கள். அப்புறம் அந்தக் கோழை வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், லேசான கூன், வலது தோளைச் சாய்த்து நடக்கிறான், பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிறான். அச்சு அசலாக நெட்டையன். புயலில் படகு கவிழ்ந்து நாலு பேர் தண்ணீரில் கிடக்கிறார்கள், குதிக்க வேண்டியது அவன் முறை. ஹெலிகாப்டர் வாசலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவன் நடுங்குகிறான், தேம்பி அழுகிறான். தாடையில் என்னுடைய தழும்போடு இருக்கிற கதாநாயகன் அவனைக் கன்னத்தில் அறைந்து, கம்பிக் கயிற்றின் கொக்கியைப் பிடுங்கித் தன் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு இறங்குகிறான். நாலு பேரையும் உயிரோடு தூக்கி வருகிறான். அரங்கமே எழுந்து நின்று விசிலடித்தது. கோழை மூலையில் சுருண்டு கிடப்பதைக் காட்டியபோது அதே அரங்கம் கெக்கலி கொட்டியது. நெட்டையன் என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பிடியில் இருந்த கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நிஜத்தில் நடந்தது என்ன என்று அதுவரை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்கு, அவனுக்கு, உனக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் நானும் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்கு என் பயமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து உன்னிடம் வாய்விட்டுச் சொன்னேன். கட்டிய மனைவியிடமும் சொல்லாததைப் பெற்ற பெண்ணிடம் சொன்னேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்த மதியம் ஹெலிகாப்டர் வாசலில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவன் நான். கீழே நாலு தலைகள் தெரிந்தன, என் கை பிடியை விடவில்லை. நெட்டையன் என் முகத்தைப் பார்த்தான். திட்டவில்லை, அறையவில்லை. என் கொக்கியைக் கழற்றித் தன் பட்டையில் மாட்டிக்கொண்டு, "நீ மேல இருந்து கயிறப் பாத்துக்க" என்றான். இரண்டு பேர் இறங்க வேண்டிய கடலில் ஒருத்தனாக இறங்கி மூன்று பேரைக் கொண்டுவந்தான். மூன்றாவது ஆளைத் தூக்கும்போது தோள் மூட்டு கழன்றது. நாலாவது ஆள், படகின் சமையல்காரர், மூன்றாம் நாள்தான் கிடைத்தார், உயிரோடு இல்லை. என் நீச்சல் முகக்கண்ணாடி உடைந்துவிட்டதால் தான் இறங்கியதாக நெட்டையன் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தத் தோளோடு அதற்கப்புறம் அவனால் கடலில் இறங்க முடியவில்லை. இருபத்தாறு வருஷமாகச் சாமான் அறையில் பட்டைகளுக்கும் கயிறுகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறான். நான் அதற்கப்புறம் நூறு தடவை குதித்தேன், பதக்கம் வாங்கினேன், பயிற்சியாளராக ஓய்வு பெற்றேன். அவன் போட்ட ஒரு கையெழுத்தில் ஓடிய வண்டி அது.

இதை உன்னோடு வைத்துக்கொள் என்றேன், நீயும் தலையாட்டினாய். என் பயத்தை ஊருக்குக் காட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது, என் பயம், என் தலையெழுத்து என்று இருந்திருப்பேன். நீ அதை எடுத்து அவன் தலையில் வைத்தாய். அவன் உயரத்தை எடுத்தாய், அவன் கூனை எடுத்தாய், என்னால் கழன்ற அந்தத் தோளைக்கூட விடவில்லை. படம் பார்த்துவிட்டு வந்த அன்று நான் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. நீ, "அப்பா, கதாநாயகன் பயந்தா யாரும் பாக்க மாட்டாங்க. உங்க மரியாதையக் காப்பாத்தித்தானே எழுதியிருக்கேன்" என்றாய். போனை அப்போது வைத்தவன்தான், இன்னும் எடுக்கவில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் இல்லை. இடைவேளையில் இப்போது வேலையில் இருக்கிற நீச்சல்காரன் ஒருவன் நெட்டையனிடம், "என்ன சித்தப்பா, படத்துல உங்களப் போட்டு வாரிட்டாங்களே" என்று விளையாட்டாகத்தான் கேட்டான். நெட்டையன் சிரித்தான். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன். ஆக நானும் இரண்டாவது தடவையாக அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாலாம் நாள் சாமான் அறைக் கதவில் அந்தக் கோழையின் பட்டப்பெயரை யாரோ சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். அதன் அடியிலேயே நின்று அவன் கையுறைகளுக்குக் கணக்குப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்ததாக வாசல் காவலாளி வந்து சொன்னார். எனக்கு அதற்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் காலை அணிவகுப்பு நேரத்துக்குப் போய், நிலைய அதிகாரியிடம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கி, முப்பது பேர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பயந்தவன் நான், இறங்கியவன் அவன், முகக்கண்ணாடி உடையவே இல்லை என்றேன். அவர்களில் பாதிப் பேருக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது நான். இனி அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை வேறு, அது எனக்கு நியாயமானதுதான். சத்தம் கேட்டு நெட்டையன் வெளியே வந்தான். கட்டிப் பிடிப்பான் என்று நினைத்தாயா, சினிமா இல்லையே. கழுத்து நரம்பு புடைக்க, "அது உன்னோட விஷயம் இல்லடா, நான் உனக்குக் குடுத்தது. அத எதுக்குடா தூக்கித் தெருவுல போட்ட? முதல்ல அவகிட்ட சொன்ன, இப்ப இவங்ககிட்ட. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?" என்று கேட்டான். கதவைச் சாத்திக்கொண்டான். இன்றோடு ஒன்பது நாள், அவன் என்னோடு பேசவில்லை. உன்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லையாம், அப்பன்மேல் இருக்கிற பாசத்தில் எழுதிவிட்டாள் என்கிறானாம், அவன் மனைவி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உன்மேல் கோபம் இன்னும் அதிகமானது.

வெற்றி விழாவில் என்னை மேடையேற்றி மாலை போடப் போவதாக உங்கள் கம்பெனியிலிருந்து அழைப்பும் விமான டிக்கெட்டும் வந்தன. இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன், உரியவர்களிடம் கொடுத்துவிடு. நான் உன்னை வெறுக்கவில்லை, அது என்னால் ஆகாத காரியம். ஆனால் உன்னிடம் இனி எதையாவது மனம்விட்டுச் சொல்வேனா என்றால் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் மறைப்பது அதைவிடக் கெட்டது என்பதால் எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை நெட்டையன் ஓய்வு பெறுகிறான். மாலை நாலு மணிக்கு நிலைய முற்றத்தில் வழியனுப்பு. கட்டாயம் வா. வந்தால் பெட்டியோடு நேராக அவன் வீட்டுக்குப் போ, சொல்ல வேண்டியதை அங்கே சொல், அவன் வேண்டாம் என்று தடுத்தாலும் முழுசாகச் சொல். அது முடிந்த பிறகு நம் வீட்டுக்கு வா. அதற்கு முன்னால் இங்கே வராதே, அம்மா பாவம், கதவைத் திறந்துவிடுவாள்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை செய். நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா