எனக்கு இல்லாத அண்ணன்

வியாழன், இரவு

சாயங்காலம் லேபிலிருந்து திரும்பியபோது ஹாஸ்டல் வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே, "உங்க அன்னய்யா வந்துட்டுப் போனாரும்மா" என்றார். எனக்கு அண்ணனே கிடையாது. வீட்டுக்கு நான் ஒரே பெண்.

வந்தவன் என் பெயர், ஊர், டிபார்ட்மெண்ட் எல்லாம் சரியாகச் சொன்னானாம். வார்டன் மேடத்திடம் ஓடினேன். "டென்ஷன் நக்கோ மா, பயப்படாதே, கிளாஸ் பசங்க யாராவது விளையாடியிருப்பாங்க" என்றார். கேட் கேமராவைப் பார்க்கலாம் என்றேன். அது ரிப்பேராம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே மதுரைக்கு டிக்கெட் போட்டுவிடுவாள், படிப்பு அதோடு சரி. ரூம்மேட் லாவண்யாதான் விடாமல் என்னை மறுபடி வாட்ச்மேனிடம் இழுத்துப்போனாள். முகம் தெரியவில்லை, மாஸ்க் போட்டிருந்தான் என்றார்.

"வேற என்ன கேட்டான்?" என்றாள் லாவண்யா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தங்கச்சி ரூம் எதுன்னு கேட்டாரு. கூடப் பிறந்தவர்தானேன்னு ஜன்னலைக் காட்டிட்டேன்."

காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். ஜன்னலைச் சாத்தி, துப்பட்டாவைக் கட்டி மறைத்திருக்கிறோம். லைட்டை அணைத்துவிட்டுப் படு என்கிறாள் லாவண்யா. அணைத்தால், நாங்கள் தூங்கப் போகிறோம் என்று வெளியே தெரிந்துவிடுமே.