அருவித் தீர்த்தமும் சுக்குத் தண்ணீரும்

அக்கா, இன்று தைப்பூசம், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் தைப்பூசம். காலையில் பந்தலில் உட்கார்ந்து சுக்கு தட்டினேன். காரம் மூக்கில் ஏறியதும் நீங்கள் கண்முன் வந்து நின்றுவிட்டீர்கள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

கப்பலில் வாந்திபேதி வந்து இறங்கிய அந்த வருஷம் நினைவிருக்கிறதா? என் மகள் காய்ச்சலில் பிழைத்ததற்காக, தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்கு என் கையால் தண்ணீர் கொடுப்பதாக முருகனுக்கு நேர்ந்திருந்தேன். பந்தல் போட்டதும் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். "காய்ச்சின தண்ணி மட்டுந்தான். பச்சைத் தண்ணி குடுத்தா பந்தலைப் பிரிச்சிடுவேன்" என்று சொல்லிப் போனார்.

அத்தனை தண்ணீரையும் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது, நேர்த்திக்கடன் நின்றுபோகுமோ என்று கலங்கினேன். அடுத்த வீட்டிலிருந்து நீங்கள் கோடாலியோடு வந்தீர்கள். "உங்க முருகனுக்கு விறகு பொளந்தா எங்க மாதா ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டாங்க!" முதல் நாளே காய்ச்சிப் பானைகளில் ஆறவைத்து, வெள்ளைத் துணி கட்டி மூடினோம்.

மறுநாள் வெயிலும் ஏறியது, காவடிகளும் வந்தன. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மலை அருவியில் ஒரு குடம் மொண்டுவந்து, எல்லாப் பானையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டார். "முருகன் மலைத் தீர்த்தம்லா! வெறுந்தண்ணி குடுத்தா புண்ணியமா?"

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் திட்டக்கூட இல்லை. "தம்பி, சேத்த புண்ணியம் போதும். அடுப்ப மூட்டுங்க."

எல்லாம் மறுபடி அண்டாவில் ஏறித் தளதளவென்று கொதித்தது. ஆறவைக்க நேரமில்லை. உச்சி வெயிலில் வெந்நீரை யார் குடிப்பார்கள்? ஓடிப்போய்ச் சுக்கும் வெல்லமும் கொண்டுவந்து கொட்டினீர்கள்.

"என்னக்கா, குளிக்கவா குடிக்கவா?" என்றான் ஒருவன்.

"மலை ஏறினா மூச்சு வாங்கும். குடிச்சிட்டு ஏறுலா!" என்றீர்கள் நீங்கள்.

குடித்தான். அவன் பின்னால் வரிசை நின்றது. ஒருவர் குடித்த கொட்டாங்கச்சி இன்னொருவர் கைக்குப் போகாமல் நேரே அடுப்புக்குப் போனது. இன்ஸ்பெக்டர் வந்து, ஆவி பறக்கும் அண்டாவைப் பார்த்தார். வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்க" என்றார். நீங்கள் என்னை இடித்த இடி இன்னும் விலாவில் இருக்கிறது.

அதன்பிறகு நம் பந்தலில் எந்த வருஷமும் சுக்குத் தண்ணீர்தான். வாந்திபேதி பயம் போன பிறகும், கொதி வராமல் நீங்கள் இறக்கவிட்டதில்லை. "தீர்த்தத்த முன்னாடியே ஊத்திடுங்க தம்பி" என்று அவரைச் சீண்டாமல் அடுப்பு மூட்டியதும் இல்லை.

இன்றும் அவர் அருவித் தண்ணீர் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, பழக்கத்தில் நீங்கள் நிற்கும் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை.

"கொதி வரட்டும் தம்பி" என்றேன், உங்கள் குரலில்.

கட்டின மனுஷனைத் தம்பி என்றதற்கு வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே விறகை உள்ளே தள்ளினார்.