இல்லாத பெட்டிக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

11 பெப்ரவரி 1992, செவ்வாய்

யாழ்ப்பாணத்திலிருந்து இன்றும் கடிதம் இல்லை. வந்தது ஒன்றே, அதுவும் என் பெயருக்கன்று, 'இம்முகவரியில் சட்டப்படி குடியிருப்பவருக்கு'. இங்கே தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் இல்லையென்று எங்களுக்குத் தெரியும், அதிகாரி எந்நேரமும் வரலாம், நீதிமன்றம், தண்டம் - ஒவ்வொரு வரியிலும் ஓர் அச்சம்.

இந்நாட்டில் தொலைக்காட்சி வைத்திருப்பவர் வருடந்தோறும் பணம் கட்டி அதை எடுக்கவேண்டும். என்னிடமோ தொலைக்காட்சி இல்லை. சிவனேஸ்வரி வந்து சேரும்வரை பாட்டும் கூத்தும் என் அறைக்குள் நுழையா என்று லண்டனில் மிச்சம் என்னும் பகுதியிலுள்ள இந்த வீட்டுக்கு வந்த அன்றே நேர்த்தி வைத்தேன். அவளுக்கும் எழுதினேன்.

14 பெப்ரவரி 1992, வெள்ளி

மேல்வீட்டு யோகராஜா பெற்றோல் நிலையத்து வேலை முடிந்து வந்தார். கடிதத்தைக் காட்டினேன்.

"என்ன கிளாக்கர் ஐயா, இதுக்கே முகம் கறுத்துப்போச்சு? பெட்டி இல்லையெண்டு ஒரு துண்டு எழுதிப் போடுங்கோ. வந்து பாத்திட்டுப் போவான்."

"வந்து பார்க்கிறதோ?"

"ஓம். தட்டுவான், உள்ளுக்கு வருவான், சுத்திப் பாப்பான். தேத்தண்ணி குடுத்தால் அதையும் குடிச்சிட்டுப் போவான்."

அவர் சிரித்தார். எனக்கு இயலவில்லை. எண்பத்தேழில் எங்கள் கதவு தட்டப்பட்டபோது திறந்தவன் நான். உள்ளே வந்து சுற்றிப் பார்த்த சிப்பாய்கள் எங்கள் ஒரே மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பும்போது வீடு பூட்டிக் கிடக்கலாகாது என்றே அவள் என்னோடு வராமல் நின்றுவிட்டாள். இப்போதுதான், ஐந்தாம் வருடத்தில், வருகிறேன் என்று எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

தட்டவே கூடாது. எவரும்.

18 பெப்ரவரி 1992, செவ்வாய்

முப்பத்தொரு வருடம் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன், கோவை என்றால் என்னவென்று அறிவேன். ஒருவனுக்கு ஒரு கோவை, ஒரு பைல். காணி, வரி, துப்பாக்கி அனுமதி யாவும் அதற்குள். ஒரு துண்டு குறைந்தால் கோவை மேசையை விட்டு அசையாது. நானே எத்தனை பேருடையதை அசையவிடாமல் வைத்திருந்தேன்.

இங்கும் அரசு ஒன்றுதானே? அகதியாகத் தங்க எனக்கு அனுமதி தந்து இவ்வருட இறுதியோடு நான்கு வருடம் நிறைவெய்தும். அதன்பின் மனைவியை அழைக்க விண்ணப்பிக்கலாம். அன்று ஒருவர் என் கோவையைத் திறப்பார். அதில் 'அனுமதிப்பத்திரம் இல்லாதவன்' என்று ஒரு குறிப்பிருந்தால்?

5 மார்ச் 1992, வியாழன்

தபாற்கந்தோரில் கட்டிவிட்டேன். எழுபத்தேழு பவுண்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டாள்: "கலரா, கறுப்பு வெள்ளையா?" இக்கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என் பின்னே ஓய்வூதியத்துக்கு நின்ற முதியவர்கள் இருமினார்கள். மலிவானதை எடுப்பவன் ஐயத்துக்கு உள்ளாவான் என்று தோன்றிற்று. "கலர்" என்றேன்.

இல்லாத பொருளுக்கு நிறமும் நானே கொடுத்தேன்.

6 மார்ச் 1992, வெள்ளி

நீறணிந்து பதிகம் பாட அமர்ந்தேன், முதல் அடியோடு நிறுத்தினேன். மனம் அறநூல்களைப் புரட்டி எனக்குச் சார்பாக ஒரு வரி தேடுகிறது. நூலைச் சாட்சிக்கு அழைப்பவன் தன் குற்றத்தை அப்போதே ஒப்புக்கொண்டவன்.

8 மார்ச் 1993, திங்கள்

இரண்டாம் முறையும் கட்டினேன். யோகராஜா தலையில் கை வைத்தார். "ஐயா, இந்த ரெண்டு வருசக் காசுக்கு நல்ல பெட்டியே வாங்கியிருக்கலாம். நானும் வந்து கிரிக்கெட் பாத்திருப்பன்."

பயனுண்டா என்று கேட்டார். ஒரு வருடமாக எவரும் கதவைத் தட்டவில்லை. அதுதான் பயன்.

21 யூன் 1993, திங்கள்

சட்டத்தரணியின் கந்தோரில் விண்ணப்பம் ஆயத்தமாயிற்று. அங்கே வேலை செய்யும் மெற்றில்டா மன்னார்ப் பிள்ளை, பொறுமை மிக்கவள். விவாகப் பதிவு, வாடகைச் சீட்டு, வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றாக அடுக்கினாள். இறுதியில் இரண்டு தொலைக்காட்சிப் பத்திரங்களையும் நான் நீட்டினேன்.

"அங்கிள், இதை ஆர் கேட்டது?"

"ஒருவரும் கேட்கவில்லை, பிள்ளை. ஒழுங்காக நடப்பவன் என்பதற்குச் சான்று."

"சரி, கிடக்கட்டும். கூடிக் கிடந்தால் பிழையில்லை."

19 நவம்பர் 1993, வெள்ளி

அவள் குரல்! கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, கொழும்பு வந்து, ஒரு லொட்ஜில் இருந்து பேசினாள். நேற்று விசாவுக்கு நேர்முகம்.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் பயப்பிடாதேங்கோ. கேட்டதுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னனான். எங்கை இருக்கிறார், என்ன சாப்பிடுறார், எப்ப எழும்புறார் எண்டு... டீவி வைச்சிருக்கிறாரோ எண்டும் கேட்டவை."

"என்ன சொன்னாய்?"

"இல்லையெண்டு. நான் வருமட்டும் அவர் நேர்த்தி எண்டு. அந்த மனிசன் அதைக் கவனமா எழுதினவர்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள். பத்திரம் எடுத்ததை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் அடுத்த நாளே போய் விளக்கியிருப்பாளே. 'நல்லது' என்று மட்டும் சொன்னேன். தெருத் தொலைபேசியில் நாணயம் தீர்ந்தது.

10 பெப்ரவரி 1994, வியாழன்

விசாவை மறுத்துவிட்டார்கள். கடிதம் சொல்வது:

கணவரின் கடதாசிகள் அவர் இரண்டு வருடமாகக் கலர்த் தொலைக்காட்சி வைத்திருப்பதைக் காட்டுகின்றன. விண்ணப்பதாரியோ இல்லையென்கிறார், சமயக் காரணமும் கூறுகிறார். ஆகவே கணவர் வாழும் விதம் இவருக்குத் தெரியாது. இருவரும் உண்மையாகத் தொடர்பிலிருக்கும் கணவன் மனைவி என்பதில் திருப்தியில்லை.

மணமாகி முப்பத்தாறு வருடம்.

ஐயோ, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறன்! அவள் மெய்யைத்தானே சொன்னவள். என்ரை கடதாசி எல்லோ அவளைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டுது. ஒருத்தரும் கேளாத கடதாசி. நானாக் கொண்டுபோய்க் குடுத்தது.

11 பெப்ரவரி 1994, வெள்ளி

பதிகம் பாடவில்லை.

14 பெப்ரவரி 1994, திங்கள்

மெற்றில்டா மறுப்புக் கடிதத்தை இருமுறை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அங்கிள், பெட்டி இருக்குது, அன்ரிக்குத்தான் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன்."

"இல்லை, பிள்ளை."

"பெட்டியில்லாமல் லைசென்ஸ் எடுக்கிற ஆளை இந்த ஊரிலை ஆர் நம்புவினம்? காசு கட்டாமல் ஒளிக்கிற ஆக்களைத்தான் அவைக்குத் தெரியும்."

மேன்முறையீடு செய்யலாமாம். விசாரணைக்கு ஒன்றரை வருடமாவது செல்லும். பெட்டி இல்லை என்பதற்கு ஏதேனும் சான்று வேண்டும் என்றாள்.

உள்ளதற்குச் சான்று உண்டு. இல்லாததற்கு?

28 மார்ச் 1994, திங்கள்

சிவனேஸ்வரி மீண்டும் யாழ்ப்பாணம் போய்விட்டாள். லொட்ஜில் பொலிஸ் இரண்டு முறை சோதனையாம்; பெண்களையும் ஏற்றிப் போனார்களாம். எல்லாவற்றையும் அவளுக்கு எழுதினேன், என் பொய்யையும். அவள் எழுதியிருந்த பதில் நான்கு வரி. 'பயத்திலை செய்தது பாவமில்லை. நீங்கள் ஒழுங்காச் சாப்பிடுங்கோ. வீட்டுக் கதவு இஞ்சை திறந்துதான் கிடக்கு. எனக்கு அவசரமில்லை.'

எனக்கு அவசரம், சிவனேஸ்வரி. எனக்கு அறுபத்தொன்பது.

இவ்வருடம் அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டவில்லை.

3 ஒக்டோபர் 1994, திங்கள்

ஆறு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன்: 'ஐயா, என்னிடம் பெட்டி இல்லை, தயைகூர்ந்து வந்து பாருங்கள்.' வரவேண்டாம் என்று அஞ்சியிருந்தபோது வருவோம் என்றார்கள். வாருங்கள் என்கிறேன், வருவாரில்லை.

படியில் யார் ஏறினாலும் எழுந்து நிற்கிறேன். வெளியே போவதையும் குறைத்துவிட்டேன். யோகராஜா சொல்கிறார்: "லண்டனிலை லைசென்ஸ்காரனுக்கு வழி பாத்துக்கொண்டிருக்கிற ஒரே மனிசன் நீங்கள்தான் ஐயா."

16 மே 1995, செவ்வாய்

தட்டினார்கள்.

இத்தனை மாதம் காத்திருந்தும் முதல் தட்டுக்கு நான் திறக்கவில்லை. ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு இருந்தேன். இரண்டாம் தட்டுக்குத் திறந்தேன். மழைச்சட்டை அணிந்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். அடையாள அட்டையைக் காட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டாள்.

கேட்டாள். நான் மாட்டேன் என்றால் போய்விடுவாள் போலிருந்தது.

கட்டில், சாமிப்படங்கள், புத்தகங்கள், செய்திக்கு மட்டும் ஒரு சிறு வானொலி. பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. பின் தன் தாளைப் பார்த்து, "அப்படியானால் இரண்டு வருடம் ஏன் கட்டினீர்கள்?" என்றாள். சொன்னேன். கோவையை, நேர்த்தியை, நேர்முகத்தை. மகனைச் சொல்லவில்லை. அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் படிவம் அனுப்புவதாகச் சொன்னாள்.

"பணம் வேண்டாம். பெட்டி இல்லை என்று எழுதித் தாருங்கள்."

அவ்வாறு தருவது வழக்கமில்லை என்றாள். பிறகு ஒரு தாளில் எழுதி, நாளும் நேரமும் இட்டு, ஒப்பமிட்டுத் தந்தாள்.

தேநீர் கொடுக்க மறந்துபோனேன்.

31 ஒக்டோபர் 1995, செவ்வாய்

யோகராஜா வேலை உடுப்போடு இறங்கி வந்தார். "ஐயா, இருங்கோ. இருந்து கேளுங்கோ. யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டிட்டுதாம். ஆமி வருதெண்டு. மழைக்குள்ளை, செம்மணி வீதியாலை, சனம் நடக்கேலாமல் நிண்டு நிண்டு போகுதாம்."

"வீட்டிலை ஒருத்தரும் நிக்கேல்லையோ?"

"ஊரிலையே ஒருத்தரும் இல்லையாம் ஐயா."

அவள் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

14 நவம்பர் 1995, செவ்வாய்

விசாரணை. நடுவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். என்னிடம் ஒரே கேள்வி: "ஏன்?"

"என் மனைவி சொன்னது மெய். பொய் என்னுடையது" என்றேன். கச்சேரியைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது. எழுதிக்கொண்டார். வெளியே மெற்றில்டா என் கையைப் பிடித்தாள். "அன்ரியிட்டையிருந்து ஏதும்...?" இல்லை என்று தலையசைத்தேன்.

8 டிசெம்பர் 1995, வெள்ளி

மேன்முறையீடு ஏற்கப்பட்டது. சிவனேஸ்வரி வரலாம்.

9 டிசெம்பர் 1995, சனி

எங்கையிருந்து?

23 ஜனவரி 1996, செவ்வாய்

கடவுச்சீட்டோடு நேரில் வந்து விசாவைப் பெற்றுக்கொள்ளும்படி கொழும்பிலிருந்து அவளுக்குக் கடிதம், பிரதி எனக்கு. யாழ்ப்பாண முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேறு முகவரி கொடுக்க என்னிடம் இல்லை. செஞ்சிலுவைக்கு எழுதியது மூன்று. கிளிநொச்சியில் கண்டதாக ஒருவர் சொன்னாராம். அது வேறு சிவனேஸ்வரி.

சனிக்கிழமை யோகராஜாவோடு ரூட்டிங் கடைத்தெருவுக்குப் போய்ப் பழைய தொலைக்காட்சி ஒன்று வாங்கினேன். கடையில் மலிவாகக் கறுப்பு வெள்ளைப் பெட்டியும் இருந்தது. அதிலும் செய்தி தெரியும் என்றார் கடைக்காரர். தெரியும். ஆனால் தூரத்தில் நடக்கும் கூட்டத்தில் அவளை நான் சேலையின் நிறத்தால்தான் அறிவேன்.

படியில் பெட்டியைச் சுமந்து வந்த யோகராஜா இடையில் நின்றார். "ஐயா... நேர்த்தி?"

"அதை நான் சொல்லிக்கொள்கிறன். நீர் ஏறும்."

மூன்று நாளாக ஒவ்வொரு செய்திக்கும் இருக்கிறேன். நேற்று மாலை மரங்களின் கீழ்க் கூடாரங்களைக் காட்டினார்கள். எண்ணத் தொடங்குமுன் செய்தி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. முகங்கள் இல்லை. ஒரு பெண்ணின் முதுகு, மஞ்சள் சேலை. அவளிடம் மஞ்சள் இருந்ததா? முப்பத்தெட்டு வருடம். நினைவில்லை.

இன்று காலை தபாற்கந்தோரில் கட்டணத்தைக் கட்டினேன். எண்பத்தாறு பவுண் ஐம்பது. பயனுண்டா என்று யோகராஜா இம்முறை கேட்கவில்லை.

ஆறு மணிச் செய்திக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.